வாடைக்கு உட்கார்ந்தவள்

"அந்த அரக்கனோட கையை வெட்டி இந்த ஓட்டை வழியா வெளிய போடுங்க. அப்பத்தான் கதவைத் திறப்போம்" என்றார் மேஸ்திரி.

பஞ்சாலையின் பின்பக்கம், பஞ்சுப் பொதிகளை அடுக்கும் பேல் குடோனின் இரும்பு ஷட்டர் முன்னால் அக்காவும் தம்பியும் நின்றுகொண்டிருந்தார்கள். ஷட்டரின் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. லோடு இறங்கும்போது பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து வெளியே நீட்டித் தரம் பார்ப்பதற்காக யாரோ எப்போதோ வெட்டியது.

"நாங்க உள்ள இருந்து குரல் கொடுத்தா?" என்று அக்கா கேட்டாள்.

"கொடுத்தாலும் திறக்க மாட்டோம்மா. கோவிச்சுக்காதீங்க." மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்துச் சொன்னார். "என் தம்பியைத் தூக்கிட்டுப் போன மறுநாள் அவன் குரல்லயே கூப்பிட்டுச்சு. 'அண்ணே, பேல் சரிஞ்சு கால் மாட்டிக்கிச்சு, திறங்க'ன்னு. என்னை நாலு பேர் பிடிச்சு நிறுத்திட்டாங்க. திறந்துட்டு உள்ள போன லோடுமேன் திரும்பி வரல. இனிமே எங்க பெத்த தாய் வந்து கூப்பிட்டாலும் திறக்கறதா இல்லை."

அவர் பின்னால் நின்ற தொழிலாளர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் கண்ணெல்லாம் அக்காவோடு வந்த தம்பியின் மேல்தான் இருந்தது. இருபத்தோரு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, சவரம் செய்யாத முகம், தோளில் சாய்த்த வாள். இவ்வளவு சின்னப் பையனா என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். வேலைக்காரி என்று நினைத்தார்களோ என்னவோ, பை தூக்கி வந்த அக்காவை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"உள்ள வெளிச்சம் எதுவரைக்கும் இருக்கும்?" என்று மட்டும் தம்பி கேட்டான்.

"கூரையில கண்ணாடி பதிச்சிருக்கு. பொழுது சாயற வரைக்கும் இருக்கும் தம்பி."

"அது போதும்."

செத்துப்போன தன் தம்பியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தோ என்னவோ, மேஸ்திரி கொஞ்சம் தயங்கி நின்றார். அவன் குனிந்து உள்ளே போய்விட்டான். "பாவம், வருத்தமா இருக்குங்க" என்று அவனுக்கும் சேர்த்து அக்காதான் சொன்னாள். அதுவும் அவள் வேலைகளில் ஒன்று.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. வெளியே சங்கிலி சுற்றும் சத்தம், பிறகு கனமான எதையோ இழுத்து வந்து முட்டுக் கொடுக்கும் சத்தம்.

உள்ளே பஞ்சு பேல்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஆள் உயரம், சாக்குத் துணி சுற்றி இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்டியது. அடுக்குகளுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குச் சந்துகள். எங்கே பார்த்தாலும் பஞ்சுத் தூசி. மூச்சை இழுத்தால் தொண்டைவரை போய் ஒட்டிக்கொண்டது. கூரைக் கண்ணாடியிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் பஞ்சு இழைகள் அசையாமல் தொங்கின.

அரக்கனைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். எதன்மேல் ஒட்டிக் கிடக்கிறதோ அதன் நிறத்துக்கு அதன் தோல் மாறிவிடும். வெளிச்சத்தில் அதற்குக் கண் தெரியாது, மூக்குதான் எல்லாம். அதுவும் ஒரே ஒரு வாடையைத்தான் அது மோப்பம் பிடிக்கும். பயத்தின் வாடை. இருட்டிவிட்டால் கண்ணும் வந்துவிடும். அப்புறம் எந்த வித்தையும் பலிக்காது.

தம்பியிடம் அந்த வாடை கிடையாது. அதுதான் அவனுடைய பெரிய பலம். அம்மாவும் அப்பாவும் வேலை பார்த்த செங்கல் சூளையில், அவன் கண்முன்னாலேயே, ஓர் அரக்கன் அவர்கள் இருவரையும் கொன்றபோது அவனுக்கு எட்டு வயது. அக்காவுக்குப் பதினைந்து. மறுநாள் காலையில் எழுந்து, "இன்னைக்கு ஸ்கூல் உண்டா?" என்று கேட்டான். எத்தனை நெஞ்சுரம் பார் என்று வந்தவர்கள் மெச்சினார்கள். அக்கா மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவன் அழவில்லை, திடுக்கிடவில்லை, யாரையும் தேடவும் இல்லை. கிடைத்த இரும்புப் பட்டையைத் தீட்டித் தீட்டி வாள் வீசப் பழகினான். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அரக்கன் அவன் முழங்கையை உரசிக்கொண்டு போகும், அவன் நிற்பது அதற்குத் தெரியாது. ஒரே வீச்சு. வாளைத் துடைத்துவிட்டு, "சாப்பிட என்ன இருக்கு?" என்பான்.

ஆனால் ஒளிந்து கிடப்பது வெளியே வர வேண்டுமே! அதற்கு யாராவது பயப்பட வேண்டும்.

முதல் தடவை அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. கல் குவாரிக் கொட்டகைக்குள் தனியாகப் போன தம்பிக்கு என்ன ஆகுமோ என்று பதறிப்போய் அக்கா பின்னாலேயே ஓடினாள். அரக்கன் அவளைத் தேடிக்கொண்டு வந்தது, தம்பி அதை வெட்டினான். அடுத்த தடவை, "நீ அந்த மூலையில உட்காரு" என்றான். அவள் உட்கார்ந்தாள். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. எத்தனையோ மூலைகளில், ஈரக்குலை நடுங்க, பாய்ந்து வரும் எதையோ எதிர்பார்த்து அவள் உட்கார்ந்திருக்கிறாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வந்ததில்லை. சொன்னால் அவன் கோபப்படமாட்டான், கெஞ்சவும் மாட்டான். "சரி" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போவான். அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் பயம்.

இன்றைக்கும் குடோனின் நடுவே, வெளிச்சம் விழும் இடத்தில், ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் லோடுமேன்கள் விட்டுப்போன பேல் கொக்கி ஒன்று கிடந்தது. அதைத் தள்ளி வைத்தாள். தம்பி எதிரே ஓர் அடுக்கின் மேல் சாய்ந்து நின்றான்.

ஒன்றும் வரவில்லை.

வெயில் ஏறியது. கூரைத் தகரம் சூடாகி டப் டப்பென்று ஒலித்தது. அவள் முதுகில் வேர்வை ஓடி, அதன்மேல் பஞ்சு ஒட்டி அரித்தது. கொண்டுவந்த தண்ணீரில் பாதி தீர்ந்துபோனது.

"என்னாச்சு?" என்றான் தம்பி கடைசியில். "நீ பயப்படல."

"முயற்சி பண்றேன்டா."

"இன்னும் நல்லாப் பண்ணு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கண்ணை மூடிச் செங்கல் சூளையை நினைத்தாள். அம்மாவின் குரலை நினைத்தாள். மேஸ்திரியின் தம்பியை, உள்ளே வந்த லோடுமேனை, சந்துக்குள் எங்கோ கிடக்கும் அவர்கள் செருப்புகளை நினைத்தாள். வழக்கமாக இதில் பாதிகூட வேண்டாம், உள்ளங்கை குளிர்ந்துவிடும். இன்று எதை நினைத்தாலும் கடைசியில் மனசு ஒரு ஜன்னலில் போய் நின்றது. கம்பியில் பெயிண்ட் உரிந்த ஜன்னல். அதற்கு என்ன நிறத்தில் திரை போடலாம்?

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருப்பவனின் வீட்டு ஜன்னல் அது. ஒருநாள் நடுவழியில் இவர்கள் வேன் நின்றுபோனபோது பழக்கமானவன். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் கறை, பேச்சுக்குப் பேச்சு ஒரு கிண்டல். "உங்க வண்டி என்னைப் பார்க்கத்தான் அடிக்கடி நிக்குது" என்பான். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று அவன் கேட்டு வெகுநாளாகிறது. போன வாரம்தான் சரி என்றாள். வீட்டைக் கூட்டிப்போய்க் காட்டினான். சின்ன வீடு. அந்த வீட்டில் எந்த மூலையிலும் உட்கார்ந்து யாருக்காகவும் நடுங்க வேண்டியதில்லை என்று தோன்றியபோது அவளுக்கு ஏதோ ஒன்று விட்டுப்போனது. என்னவென்று அன்று புரியவில்லை. இப்போது, பூட்டிய குடோனில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கையில் புரிந்தது, விட்டுப்போனது பயம்.

எழுந்து போய் ஷட்டரைத் தட்டினாள். "மேஸ்திரி! நாங்கதான். இன்னைக்கு முடியல, திறந்து விடுங்க!"

ஓட்டை வழியாக வெளியே கால்கள் தெரிந்தன. அவை பின்னால் நகர்ந்தன. "கையைப் போடச் சொல்லு" என்று யாரோ சொன்னார்கள்.

"ஐயா, சத்தியமா நாங்கதான். வந்ததும் நீங்க டீ வாங்கிக் கொடுத்தீங்களே!"

"என் தம்பி குரல்லயும் அது சத்தியம் பண்ணுச்சும்மா" என்றார் மேஸ்திரி. குரல் உடைந்திருந்தது. ஆனால் சங்கிலி அசையவில்லை.

திரும்பி வந்து சாக்கில் உட்கார்ந்தாள். வெளிச்சப் பட்டை தரையை விட்டு எதிர் அடுக்கில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும். அப்படியும் அவளுக்குப் பயம் வரவில்லை. சாகப் போகிறோம் என்று தெரிந்தது. அது யாருக்கோ நடக்கப்போவது போல இருந்தது. தம்பிக்கு எப்போதும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன நெனச்சுட்டு இருக்க நீ?" என்றான் அவன்.

"ஜன்னல்."

"என்ன ஜன்னல்?"

இந்த வேலை முடிந்து, வீட்டுக்குப் போய், சாப்பாடு போட்டு, நிதானமாகச் சொல்வதாக இருந்தாள். இனி அதற்கெல்லாம் எங்கே நேரம்? "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டா. அந்த மெக்கானிக்கை. இனிமே நான் இந்த வேலைக்கு வரமாட்டேன்."

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. யோசித்தான். பிறகு கேட்டான்: "அப்ப யாரு உட்காருவா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "அதுதான் கேப்பியா? இத்தனை வருஷம் உன்கூட வந்தவ போறேன்னு சொல்றேன். யாரு உட்காருவான்னுதான் கேக்கத் தோணுதா உனக்கு?"

"வேற என்ன கேக்கணும்?"

"ஒண்ணும் கேக்க வேணாம். வாயை மூடிட்டு நில்லு."

அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். பிறகு, "அந்த வீடு தூரமா?" என்றான்.

"தூரந்தான்."

"நான் எங்க இருப்பேன்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாளை அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்படி அவன் வாளைக் கையிலிருந்து விட்டு அவள் பார்த்ததில்லை.

"என்னடா?"

"தெரியல. வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. யாரோ கையை விட்டுக் கரைக்கிற மாதிரி. காலையில தின்னது ஒத்துக்கலையா?" நெற்றி முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. கையை நீட்டிப் பார்த்தான். விரல்கள் தனித்தனியாக ஆடின. "அக்கா, இது நிக்கமாட்டேங்குது."

ஒருகணம் அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பிறகு தூக்கிவாரிப் போட்டது.

"டேய்... வாளை எடு. அது பயம்டா! வாளை எடு!"

அந்தரத்தில் அசையாமல் தொங்கிய பஞ்சு இழைகள் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தன. அவன் தலைக்கு மேலிருந்த அடுக்கில், சாக்குத் துணி என்று காலையிலிருந்து அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று, மெதுவாகப் பிரிந்து கீழே இறங்கியது. கணுக்கால்வரை தொங்கும் கைகள். பால் படிந்த கண்கள். மூக்குத் துளை மட்டும் விரிந்து விரிந்து சுருங்கியது. அக்கா இருந்த பக்கம் அது திரும்பவே இல்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த பயம் முழுவதும் அவனிடமிருந்து ஒரேயடியாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

தம்பி வாளை எடுத்து வீசினான். அவன் வீச்சு தப்பி அவள் கண்டதில்லை. வாள் ஒரு பேலின் இரும்புப் பட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. அரக்கன் அவன் மார்பில் கை வைத்துத் தரையோடு அழுத்தியது.

"அக்கா!" என்று கத்தினான். எட்டு வயதுப் பையனின் குரல் அது. அன்று சூளையில் அவன் கத்தாமல் விட்டது.

அந்தக் குரல் காதில் விழுந்ததும் அவளுடைய பயம் திரும்பி வந்தது. ஜன்னலும் திரையும் போன இடம் தெரியவில்லை. அரக்கன் தலையைத் தூக்கியது. கீழே ஒரு வாடை, பின்னால் ஒரு வாடை. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது.

அவள் யோசிக்கவில்லை. பேல் கொக்கியை எடுத்துக்கொண்டு ஓடி, அதன் தோளில் மாட்டி, தன் உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டுத் தொங்கினாள். அது அவளைச் சுழற்றிப் பேல்மேல் அடித்தது. முழங்கை எரிந்தது. கொக்கியை அவள் விடவில்லை.

"இழுடா! காலை வச்சு மிதிச்சு இழு!"

அவன் பேலில் காலை ஊன்றி, அழுதுகொண்டே, வாளைப் பிடுங்கினான். வெட்டினான். ஆழமாகப் படவில்லை. மறுபடி வெட்டினான். கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்கு வந்ததைக் கத்திக்கொண்டு, மரம் பிளப்பவன் போல வெட்டினான். அது விழுந்த பிறகும் வெட்டிக்கொண்டிருந்தான். "போதும்டா, செத்துப்போச்சு, போதும்" என்று அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கையை அறுத்து ஓட்டை வழியாகத் தள்ளியது அவள்தான். வெளியே ஒரு கூச்சல், பிறகு சங்கிலி அவிழும் சத்தம். ஷட்டர் ஏறியபோது வெளியே கடைசி வெளிச்சம் மிச்சமிருந்தது. மேஸ்திரி உள்ளே எட்டிப் பார்த்தார். பெயர்போன வாள்காரன் வாந்தியெடுத்துவிட்டு, அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

"இவரா அரக்கனை வெட்டினாரு?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான்.

மேஸ்திரி திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் பின்வாங்கினான். அவர் குனிந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழுங்க தம்பி" என்றார். அதற்குமேல் அவரும் தாங்காமல் தன் தம்பியை நினைத்து அழ ஆரம்பித்தார்.

கல்யாணம் எளிமையாக நடந்தது. தம்பிக்கு அந்த வீட்டின் பின்னறை. முதல் சில மாதங்கள் அவனோடு பெரும்பாடாக இருந்தது. குக்கர் விசில் அடித்தால் துள்ளி எழுந்தான். அக்கா கடைக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமானால் தெருமுனையில் வந்து நின்றான். பதின்மூன்று வருஷம் கழித்து அம்மாவுக்காக அழுதான். மெக்கானிக், "மச்சான், அழுகைக்கு ஒரு ஷிப்ட் போட்டுக்கலாம். நீ காலையில, நான் சாயங்காலம்" என்பான். அழுகையோடு தம்பியும் சிரித்துவிடுவான்.

பிறகு ஒரு நாள் போன் வந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடம், மேல்மாடியில் இரண்டு வகுப்பறையைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். தம்பி வாளை எடுத்து வைத்தான். அக்கா செருப்பை மாட்டினாள்.

"நீ வேணாம்" என்றான். "இனிமே நானே உட்கார்ந்துக்குவேன். வாடைக்குத்தான் பஞ்சமில்லையே."

"பைத்தியமா உனக்கு? கை நடுங்கிட்டு எப்படி வெட்டுவ?"

"அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்." வாசற்படியில் உட்கார்ந்தான். "நீ இத்தனை வருஷம் எப்படிக்கா உட்கார்ந்திருந்த? ஓடணும்னு தோணுமில்ல?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. தனக்கு ஏதாவது தெரியும் என்றுகூட அவள் நினைத்ததில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தாள்.

"பல்லைக் கடிக்காதே. கடிச்சா காது கேக்காது. வாயைத் திறந்து மூச்சு விடு. காலை மடக்கி உட்காராதே, மரத்துப் போயிடும். பயம் போகட்டும்னு காத்திருக்காதே, அது போகாது. அதுபாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுடு."

அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பிறகு கிளம்பிப் போனான். அவன் தெரு திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தவளுக்கு உள்ளங்கை இரண்டும் சில்லிட்டிருந்தன. அன்றும் மறுநாளும் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டில் எந்த மூலையிலும் நடுங்க வேண்டியதில்லை என்று அவள் நினைத்தது தப்புக் கணக்கு.

அடுத்த நாள் பகலில் தம்பி வந்து சேர்ந்தான். இடது கையில் கட்டு, கன்னத்தில் ஒரு கீறல். சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டே ஆரம்பித்தான். எந்தப் பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்தான், அது எப்படி வந்தது, ஓடலாமா என்று எத்தனை முறை நினைத்தான், எங்கே கால் வழுக்கியது, ஒன்று விடாமல் சொன்னான். மெக்கானிக் கேட்டுக்கொண்டிருந்தபடியே நாற்காலியில் தூங்கிப்போனான். தம்பி நிறுத்தவில்லை. அக்கா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு, "ம், அப்புறம்?" என்றாள்.